லாக் என்னும் சொல்: ஒரு பெயர்மாற்றத்தின் வரலாறு

2017 அக்டோபர் 5 அன்று போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் 10-ஆம் பதிப்பு வெளிவந்தது. புதிய பதிப்போடு வரும் குறிப்புகளில் வேகம் கூடியது, வசதி சேர்ந்தது, பிழை நீங்கியது என்ற வகைச் செய்திகளே மிகுதியாக இருக்கும். இப்பதிப்பின் குறிப்புகளில் இரண்டு அடைவுகளின் (ஃபோல்டர் என்று நாம் அன்றாடம் சொல்வதுதான்) பெயர்மாற்றமும் இடம்பெற்றிருந்தது. ‘பிஜி_எக்ஸ்லாக்’ என்றிருந்தது ‘பிஜி_வால்’ ஆயிற்று. ‘பிஜி_சிலாக்’ என்றிருந்தது ‘பிஜி_எக்ஸாக்ட்’ ஆயிற்று. காரணமும் சொல்லப்பட்டிருந்தது. இவ்வடைவுகளில் இருப்பவை அவசியமற்ற லாக் கோப்புகள் என்று பயனர்கள் சிலர் எண்ணிவிடுகிறார்கள். தாமே அவற்றை அழித்துவிடுகிறார்கள். அதனால் மீட்கவே முடியாத தரவிழப்பு நேர்கிறது. இனி அது நேராதிருக்கவே இந்த மாற்றம்.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்ததால், படித்தவர் ஒரு பொருளையும் எழுதியவர் இன்னொரு பொருளையும் கொண்டிருந்தார்கள். இலக்கியத்தில் இது நமக்குப் புதிதல்ல. பாடபேதத்தைப் பற்றியும் உரை வேறுபாட்டைப் பற்றியும் நாம் எத்தனையோ பேசியிருக்கிறோம். அங்கே ஒரு செய்யுளின் நயம் கைநழுவும். அடுத்த உரைகாரர் வந்து மீட்டுத் தருவார். இங்கே கைநழுவியவை சேமித்துவைத்த கணக்குகள். அவற்றுக்கு அடுத்த உரைகாரர் இல்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எப்படி இரண்டாகப் பிரிந்தது, எங்கே வந்து மோதியது என்று சற்றே பின்னோக்கிச் சென்று பார்ப்போம்.

மரக்கட்டையிலிருந்து ஏட்டுக்கு

‘லாக்’ என்பதற்கு ஆங்கிலத்தில் முதற்பொருள் மரக்கட்டை. பாய்மரக் கப்பலின் பின்புறத்திலிருந்து ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள். கட்டை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே மிதக்கும். கப்பல் முன்னே செல்லச் செல்லக் கயிறு அவிழும். மணற்கடிகாரம் வடிவதற்குள் எவ்வளவு கயிறு கழிந்தது என்பதைக் கொண்டு கப்பலின் வேகத்தைக் கணிப்பார்கள். கட்டையும் கயிறும் கொண்ட இம்முறையை வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574-இல் வெளியான தமது கடற்பயண நூலில் விவரித்திருக்கிறார். பின்னாளில் கயிற்றில் சீரான இடைவெளியில் முடிச்சிட்டு, முடிச்சுகளை எண்ணும் வழக்கம் நிலைபெற்றது. கப்பலின் வேகத்தை இன்றும் ‘நாட்’, அதாவது முடிச்சு, என்ற அலகால் சொல்வது அதனால்தான்.

கட்டை காட்டிய வேகத்தை எழுதிவைத்த ஏட்டுக்கு ‘லாக் புத்தகம்’ என்று பெயர் வந்தது. பின்னர் புத்தகம் என்ற சொல் உதிர்ந்து, ஏடே லாக் ஆயிற்று.

இந்த ஏடு எதற்குப் பயன்பட்டது என்பதை இவ்விடத்தில் கவனிக்க வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியாத கடலில் கப்பல் இப்போது எங்கே இருக்கிறது என்பதை மாலுமி கணக்கிட்டே அறிய முடியும். நேற்று நண்பகலில் இருந்த இடம் ஒன்று உறுதியாகத் தெரியும். அதன்பின் எந்தத் திசையில், என்ன வேகத்தில், எத்தனை நாழிகை சென்றோம் என்பது ஏட்டில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் இன்றைய இடம். ஏட்டின் அந்தச் சில பக்கங்களைக் கிழித்துவிட்டால் கப்பல் மூழ்காது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது தெரியாமற்போகும். தரவுத்தளத்தின் லாக் இந்தப் பொருளை அப்படியே சுமந்து வந்தது.

நாள்வழியும் பேரேடும்

தரவுத்தளத்தின் மூலச் சிக்கலை எளிதாகச் சொல்லலாம். ஒருவர் கணக்கிலிருந்து 1000 ரூபாய் குறைய வேண்டும். இன்னொருவர் கணக்கில் 1000 ரூபாய் ஏற வேண்டும். குறைத்து முடித்து, ஏற்றுவதற்கு முன் மின்சாரம் போய்விட்டால்? இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடவாதிருக்க வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. இதைப் பரிவர்த்தனை என்ற கருத்தாக வகுத்துச் செப்பனிட்டவர்களுள் முதன்மையானவர் ஜிம் கிரே. 1970-களில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வகத்தில் ‘சிஸ்டம் ஆர்’ என்ற தரவுத்தளத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர். இத்துறைப் பணிகளுக்காக 1998-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்றார்.

விடை நம் பழைய கடைக்கணக்கிலும் உண்டு. கடையில் இரண்டு ஏடுகள் இருந்தன. நடந்தது எதுவாயினும் நடந்த வரிசையில் உடனே எழுதுவது நாள்வழி. பின்னர் ஓய்வாக, ஆளுக்கு ஆள், இனத்துக்கு இனம் பிரித்து ஏற்றுவது பேரேடு. இன்னார் எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டால் பேரேட்டைத்தான் புரட்டுவார்கள். ஆனால் பேரேட்டில் ஐயம் எழுந்தால் தீர்ப்புச் சொல்வது நாள்வழி. தரவுத்தளத்தின் அட்டவணைகள் பேரேடு. அதன் லாக், நாள்வழி.

இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. பேரேட்டில் ஒரு மாற்றம் வன்தட்டில் பதியும் முன், அம்மாற்றத்தைப் பற்றிய குறிப்பு நாள்வழியில் பதிந்திருக்க வேண்டும். ‘முடிந்தது’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் முன்னும் அப்படியே. இதற்கு ஆங்கிலத்தில் ‘ரைட்-அஹெட் லாக்’ என்று பெயர். முந்தி எழுதும் ஏடு எனலாம். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்ததே ‘வால்’. தமிழ்க் காதுக்கு வேறெதையோ நினைவூட்டும் சொல்தான், என்ன செய்வது! பேரேட்டில் எதுவரை ஏற்றி முடித்தாயிற்று என்று அவ்வப்போது ஒரு கோடு கிழிக்கப்படும், அது ‘செக்பாயிண்ட்’. மின்சாரம் போய்த் திரும்பினால், கடைசிக் கோட்டிலிருந்து நாள்வழியை மறுபடி படித்து, விட்டுப்போனவற்றைப் பேரேட்டில் ஏற்றினால் போதும். நேற்றைய நண்பகல் இடமும் அதன்பின் எழுதிய ஏடும் சேர்ந்து இன்றைய இடத்தைத் தருவது போலத்தான் இதுவும்.

இது தொடக்கத்திலிருந்தே எல்லோரும் ஒப்புக்கொண்ட வழியாக இருக்கவில்லை. சிஸ்டம் ஆரில் நாள்வழியோடு, பழைய பக்கத்தின் நிழற்படி ஒன்றையும் வைத்திருக்கும் முறை கையாளப்பட்டது. 1981-இல் அக்குழுவினர் தம் அனுபவத்தைத் தொகுத்து எழுதியபோது, நிழற்படி இல்லாமல் நாள்வழியை மட்டும் நம்பும் வழியையும் வைத்திருக்கலாமே என்று வருந்தினர். அந்த வழியை முழுமையான இலக்கணமாக வகுத்த கட்டுரை 1992-இல் வெளிவந்தது. ‘ஏரீஸ்’ என்ற பெயரில் அறியப்படுவது. அதன் முதலாசிரியர் சி. மோகன், தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் 1977-இல் வேதிப் பொறியியல் பட்டம் பெற்றவர்.

ஏரீஸின் மையக் கருத்து வரலாற்று மாணவர்களை நின்று பார்க்கவைப்பது. விழுந்த தரவுத்தளம் எழும்போது, முடிந்த பரிவர்த்தனைகளை மட்டுமல்ல, பாதியில் நின்றவற்றையும் சேர்த்து, நடந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் மீண்டும் நடத்த வேண்டும். விழுந்த கணத்தில் இருந்த நிலைக்கு அப்படியே வந்து சேர்ந்த பிறகே, பாதியில் நின்றவற்றைத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்புவதையும் நாள்வழியில் எழுத வேண்டும். ஆசிரியர்கள் இதற்கு இட்ட பெயரின் பொருள், வரலாற்றை மீண்டும் நிகழ்த்துதல். தவறான வரியை அடித்துத் திருத்தலாம். ஆனால் அடித்ததும் ஒரு வரியாக ஏட்டில் நிற்கும்.

ஜிம் கிரே 2007 ஜனவரி 28 அன்று, தம் தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக, சான் பிரான்சிஸ்கோவை அடுத்த ஃபாரலோன் தீவுகளை நோக்கித் தனியே பாய்மரப் படகில் சென்றார்; திரும்பவில்லை. கடலோரக் காவற்படை தேடியது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைத் துண்டு துண்டாகப் பார்த்துத் தேடினார்கள். படகின் சுவடும் கிடைக்கவில்லை. எதுவும் தடயமின்றி மறைந்துவிடாதபடி கணினிகளுக்கு வழி வகுத்தவர் அவர்.

பெர்க்லியில் இரண்டு லாக்குகள்

சொல் இரண்டாகப் பிரிந்த கதைக்கு வருவோம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் ‘இங்கிரெஸ்’ என்ற தரவுத்தளத்தைத் தொடங்கினார்கள். அத்திட்டத்தில் வேலை செய்த மாணவர்களுள் எரிக் ஆல்மன் ஒருவர். அவரே பின்னர் மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் ‘சென்ட்மெயில்’ நிரலை எழுதினார். அதற்குத் துணையாக 1980-களில் ‘சிஸ்லாக்’ என்பதையும் எழுதினார். நிரல்கள் தாம் செய்வதைப் பற்றி அவ்வப்போது உதிர்க்கும் செய்திகளை ஒரு கோப்பில் சேர்த்துவைக்கும் ஏற்பாடு அது. இன்னார் உள்ளே வந்தார், இந்த அஞ்சல் போயிற்று, இந்த வேலை தவறிற்று என்ற வகைச் செய்திகள். யூனிக்ஸ் உலகம் முழுவதும் இது பரவியது. இவ்வகைக் கோப்புகளையும் லாக் என்றே அழைத்தார்கள்.

இந்த லாக் மனிதர் படிப்பதற்கானது. பழையதாகிவிட்டால் பயன் குறையும், இடத்தை அடைக்கும். ஆகவே வாரத்துக்கொரு முறை சுருக்குவது, மாதம் கழிந்தவற்றைக் களைவது என்பது கணினிகளைப் பேணுவோரின் அன்றாட ஒழுக்கமாயிற்று. வன்தட்டில் இடமில்லையா, முதலில் லாக்கைப் பார் என்பது அவர்கள் கைக்குப் பழகிய பாடம். அது நல்ல பாடமும்கூட.

இங்கிரெஸுக்குப் பின் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் ‘போஸ்ட்கிரெஸ்’ பணியைத் தொடங்கினார். முந்தி எழுதும் ஏட்டை இதில் அவர் வேண்டுமென்றே விலக்கினார். ஒரு வரி மாறினால் பழைய வரியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, புதிய வரியைப் பக்கத்தில் எழுதுவது அவர் வழி. எந்தப் பரிவர்த்தனை முடிந்தது, எது கைவிடப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டே பிட் அளவில் குறித்துவைத்தால், எந்த வரி மெய், எந்த வரி பொய் என்பது தெரிந்துவிடும். அந்தச் சிறு குறிப்புக்கு ‘பிஜி_லாக்’ என்று பெயர். பின்னாளில் அது ‘பிஜி_சிலாக்’ ஆயிற்று.

1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயருடன் இம்மென்பொருள் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் கைக்கு வந்தது. ஒவ்வொரு பரிவர்த்தனை முடிவிலும் பேரேட்டின் பக்கங்களையே வன்தட்டுக்குத் தள்ள வேண்டியிருந்ததால் வேகம் குறைந்தது. நடுவில் மின்சாரம் போனால் குறியகராதிகள் பழுதாயின. ஆகவே 2001-இல் வந்த 7.1 பதிப்பில், மூல ஆசிரியர் விலக்கிய நாள்வழியை அவர்கள் சேர்த்தார்கள். அது குடியேறிய அடைவின் பெயர் ‘பிஜி_எக்ஸ்லாக்’. ஒரே வளாகத்தில் வேர்விட்ட இரு மரபுகளின் சொல் இப்போது ஒரே வன்தட்டில் இரண்டு பொருளோடு குடியிருந்தது.

கட்டளை வரியின் முன்

இனி நேரக்கூடியதைப் பார்ப்போம். சர்வர் எனப்படும் வழங்கி நின்றுவிட்டது. கட்டளை வரியில் அமர்ந்திருப்பவருக்குக் கறுப்புத் திரையில், இடமில்லாததால் எழுத முடியவில்லை என்ற செய்தி தெரிகிறது. எவ்வளவு இடம் மிச்சம் என்று ‘டிஎஃப்’ கட்டளையால் கேட்கிறார். மிச்சம் எதுவும் இல்லை. எந்த அடைவு இடத்தை விழுங்கியது என்று ‘டியூ’ கட்டளையால் கேட்கிறார். ‘பிஜி_எக்ஸ்லாக்’ என்று பதில் வருகிறது. உள்ளே ஒவ்வொன்றும் 16 மெகாபைட் அளவில், 24 குறிகள் கொண்ட நீண்ட பெயருடன் கோப்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பெயரிலேயே லாக் இருக்கிறது. பழகிய கை அழிக்கிறது. இடம் கிடைத்துவிடுகிறது.

சர்வரை மறுபடி எழுப்பினால், செல்லத்தக்க செக்பாயிண்ட் பதிவைக் காணவில்லை என்ற செய்தியுடன் அது விழுகிறது. முன்பு நின்றிருந்த சர்வர் இப்போது உடைந்த சர்வர் ஆகிவிட்டது. இடக்குறைவால் நின்றது நோயே அல்ல. நாள்வழியில் எழுத முடியாதபோது எந்த வாக்குறுதியும் தரலாகாது என்று அது தானே வாயை மூடிக்கொண்டது. எழுதியவை அனைத்தும் அதுவரை பத்திரமாக இருந்தன.

கடைசிப் புகலிடமாக ‘பிஜி_ரீசெட்எக்ஸ்லாக்’ என்றொரு கட்டளை உண்டு. அது பழைய நாள்வழியை மறந்துவிட்டுப் புதிய வெற்றேடு ஒன்றைத் திறந்துவைக்கும். சர்வர் எழுந்துவிடும். எழுந்ததைக் கண்டு நிம்மதி அடைவதில்தான் ஆபத்து இருக்கிறது. பேரேட்டில் எந்த வரி ஏறியது, எது பாதியில் நின்றது என்று சொல்வதற்கு இப்போது சாட்சி இல்லை. பணம் ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் ஏறாமல் இருக்கலாம். குறியகராதி காட்டும் இடத்தில் வரி இல்லாமல் போகலாம். ஆகவே, எழுந்தவுடன் இருப்பதை முழுவதும் வெளியே படியெடுத்துக்கொண்டு, புதிதாக ஒரு தரவுத்தளத்தை நிறுவி, அதில் ஏற்றி, முரண்பாடுகளைத் தேடித் திருத்த வேண்டும் என்று அம்மென்பொருளின் கையேடு எச்சரிக்கிறது. ‘பிஜி_சிலாக்’கை அழித்தவரின் நிலை இன்னும் மோசம். வரிகள் இருக்கும், எந்த வரி மெய் என்று சொல்லும் அந்த இரண்டு பிட் இராது.

முறையான மருத்துவம் எளியது. பொறுமை ஒன்றையே கேட்பது. முதலில் உள்ளது உள்ளபடி அடைவு முழுவதையும் வேறோரிடத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வேறு எதையாவது அகற்றி இடம் தரலாம். அல்லது நாள்வழி அடைவைப் பெரிய வன்தட்டொன்றுக்கு நகர்த்திப் பழைய இடத்திலிருந்து அதற்கு ஓர் இணைப்பு கொடுக்கலாம். சர்வர் தானே எழுந்து, தானே படித்து, விட்ட இடத்தை அடையும். அதன்பின், ஏடு ஏன் வளர்ந்தது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ஏட்டைக் காப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு பலநாளாகத் தவறியிருக்கும். அல்லது எப்போதோ கைவிடப்பட்ட துணைச் சர்வர் ஒன்றுக்காக அது காத்திருக்கும். அதைச் சரிசெய்தால், தேவை தீர்ந்த பக்கங்களை மென்பொருளே அகற்றிக்கொள்ளும். எதை அழிக்கலாம் என்று அதற்குத் தெரியும்.

பெயர்மாற்றமும் அதன் எல்லையும்

படிக்காமல் அழித்தவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். எச்சரிக்கைகள் கையேட்டில் இருந்தன. பெயரை மாற்றுவதோ செலவு மிக்க காரியம்; பழைய பெயரை நம்பி எழுதப்பட்ட எத்தனையோ துணை நிரல்களைத் திருத்த வேண்டும். இருந்தும் மாற்றினார்கள். கட்டளைகளின் பெயர்களிலும் ‘எக்ஸ்லாக்’ இருந்த இடத்தில் ‘வால்’ வந்தது. மனிதர் படிக்கும் செய்திகளைச் சேர்க்கும் அடைவுக்கு மட்டும் ‘லாக்’ என்ற வெறும் பெயர் விடப்பட்டது. ஒரே பிழையைப் பலரும் செய்தால் பிழை அவர்களிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட செயலாக இதை நாம் படிக்கலாம்.

பெயர் மட்டும் எல்லாவற்றையும் காத்துவிடாது என்பதற்கும் அதே ஆண்டில் சான்று கிடைத்தது. 2017 ஜனவரி 31 இரவு, நிரலர்கள் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில், முதன்மைச் சர்வரைப் பின்தொடர்ந்த துணைச் சர்வர் பின்தங்கிவிட்டது. அது கேட்ட நாள்வழிப் பக்கங்கள் முதன்மையிலிருந்து ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தன, காப்பகமும் இல்லை. முழுவதையும் மறுபடி படியெடுக்கும் கட்டளை பேச்சின்றி நின்றது. துணைச் சர்வரில் கிடக்கும் பழைய அடைவுதான் தடை என்று எண்ணிய பொறியாளர் அதை அழித்தார். ஆனால் அவர் அமர்ந்திருந்த கட்டளை வரி முதன்மைச் சர்வருடையது. ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியிருந்தது. திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் சுந்தரர் கிழித்தது படி ஓலை. மூல ஓலை முதியவரிடம் பத்திரமாக இருந்தது. இங்கே படி என்று எண்ணிக் கிழித்தது மூலத்தை.

நாள்தோறும் எடுப்பதாக நம்பியிருந்த காப்புப்படி, பதிப்பு வேறுபாட்டால் பலநாளாகவே தவறிக்கொண்டிருந்தது. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் வந்துசேரவில்லை. வேறொரு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு படியே காப்பாற்றியது. ஏறத்தாழ 18 மணி நேரம் கழித்துத் தளம் மீண்டது. இடைப்பட்ட நேரத்தில் எழுதப்பட்டவற்றுள் சுமார் 5000 திட்டங்கள், 5000 கருத்துரைகள், 700 பயனர் கணக்குகள் ஆகியவை திரும்பவில்லை. அந்நிறுவனம் நடந்ததை மறைக்கவில்லை. மீட்புப் பணியையே நேரலையில் காட்டியது. பின்னர் ஒவ்வொரு தவறையும் வரிசையாக எழுதி வெளியிட்டது. அடித்த வரியும் ஏட்டில் நிற்க வேண்டும் என்ற நெறி அங்கே மனிதர்களாலும் கடைப்பிடிக்கப்பட்டது.

கலைச்சொல் ஆக்குவோர் இதில் கற்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழில் இரண்டு லாக்குகளையும் ‘பதிவு’ என்றே மொழிபெயர்த்துவிடுகிறோம். ஒலிபெயர்த்தாலோ துன்பம் மூன்றாகிறது. பூட்டைக் குறிக்கும் ‘லாக்’கும் நம் எழுத்தில் இதே சொல்தான். ஒரே தரவின்மேல் இரண்டு சர்வர்கள் எழுதிவிடாதபடி தடுக்கும் பூட்டுக் கோப்பு ஒன்றும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் உண்டு. பழைய சர்வர் இன்னும் உயிரோடிருக்க அதை அழித்தாலும் தரவு பாழாகும். ஆங்கிலத்தில் நேர்ந்த மயக்கத்தை நாம் கூட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. மனிதர் படித்துக் களையும் செய்திகளுக்குக் குறிப்பேடு, தரவுத்தளம் படித்து உயிர்க்கும் ஏட்டுக்கு நாள்வழி, தடுப்பதற்குப் பூட்டு என்று மூன்று சொற்கள் நம்மிடம் முன்பே இருக்கின்றன.

ஒரு பெயர், பொருள் இன்னது என்று சொன்னால் அகராதிக்குப் போதும். அழித்தால் என்ன போகும் என்பதையும் அது சொல்ல வேண்டும். பெயரிடுகிறவர் மனத்தில் நிறுத்த வேண்டியது, நள்ளிரவில் கண் எரிய அந்தப் பெயரைப் படிக்கப்போகும் ஒருவரை.